பால் வால்வு இருந்தும் மாடி டேங்க் நிரம்பி வழிகிறதா?

கேள்வி: கோவையில் தரைத்தள வீடு எங்களுடையது. மாநகராட்சித் தண்ணீர் விடும்போது மோட்டார் போடாமலே மாடியில் இருக்கும் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்குக்கு ஏறிவிடும். உள்ளே பால் வால்வு (டேங்க் நிரம்பியதும் மிதக்கும் பந்து மேலே ஏறித் தண்ணீரைத் தானாக நிறுத்தும் வால்வு) இருக்கிறது. ஆனாலும் சில வாரங்களாக ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. அதுவும் ராத்திரியில்தான் அதிகம். சின்ன வேலை என்பதால் பிளம்பர் வருகிறேன் என்று சொல்வதோடு சரி. குழாய் வேலை எதுவும் செய்து பழக்கமில்லாத நான் இதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் புது வால்வு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பெரும்பாலும் முழு வால்வையும் மாற்றத் தேவையே இருக்காது.

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது டேங்க் மூடியைத் திறந்து, மிதக்கும் பந்தைக் கையால் மெதுவாக மேலே தூக்கிப் பிடியுங்கள். இரவு என்றால் ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். டேங்க் விளிம்பில் உடம்பைச் சாய்க்க வேண்டாம். தூக்கியதும் வால்வின் வாயில் தண்ணீர் நின்றுவிட்டதா, அல்லது மெல்லிசாக ஒழுகிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். என்ன கோளாறு என்பதைப் பாதிக்கு மேல் இதுவே சொல்லிவிடும்.

முழுவதுமாக நின்றுவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு பந்திலோ அதைத் தாங்கும் கம்பியிலோதான். பந்தைத் திருகிக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டால் பந்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. தண்ணீர் புகுந்த பந்து போதுமான உயரத்துக்கு மிதக்காது. பந்து மட்டும் தனியாகவே கடையில் கிடைக்கும். பந்து சரியாக இருந்தால், கம்பி டேங்க் சுவரில் உரசுகிறதா, மூட்டில் உப்புப் பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தண்ணீர் நிற்கும் மட்டம்தான் உயரமாகிவிட்டது. பித்தளைக் கம்பி என்றால், வால்வுப் பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு பந்து இருக்கும் முனையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளையுங்கள். வளைக்கும் விசை வால்வின் மீது விழக் கூடாது. ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழேயே தண்ணீர் நின்றுவிட வேண்டும்.

தூக்கிப் பிடித்தும் ஒழுகுகிறதா? அப்படியானால் வால்வுக்குள் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வாஷர்தான் கோளாறு. நீங்கள் ராத்திரி என்று எழுதியிருப்பதால் எனக்கும் அதன் மேல்தான் சந்தேகம். தெருவில் எல்லோரும் குழாய் திறந்திருக்கும் நேரத்தில் அழுத்தம் குறைவு, தேய்ந்த வாஷர்கூடச் சமாளித்துவிடும். எல்லோரும் மூடிய பிறகு லைனில் அழுத்தம் ஏறும், அப்போது வாஷர் தோற்றுவிடும்.

தண்ணீர் விடாத நாளாகப் பார்த்து, டேங்குக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கம்பி வால்வோடு சேரும் இடத்தில் ஒரு சின்னப் பின் இருக்கும். கட்டிங் பிளேயரால் அதன் கால்களை நேராக்கி உருவுங்கள். பின் டேங்குக்குள் விழாமல் இருக்கக் கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பி கையோடு வந்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் பிஸ்டனை வெளியே எடுக்கலாம். சில மாடல்களில் முனையில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்த பிறகுதான் பிஸ்டன் வரும். அதன் நுனியில் இருக்கும் ரப்பர்தான் வாஷர்.

புது வாஷர் தட்டையாக இருக்கும். பழையதில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சில சமயம் அந்தப் பள்ளத்தில் ஒரு மணல் துணுக்கே பதிந்திருக்கும், அது ஒன்று போதும் தண்ணீர் கசிய. கடைக்குப் பழைய வாஷரையே கொண்டுபோய் அதே அளவில் கேளுங்கள். அதுவரை பழையதைத் திருப்பிப் போட்டும் ஓட்டலாம். பிஸ்டனில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்துக் கழுவுங்கள். பிஸ்டன் தடையில்லாமல் முன்னும் பின்னும் ஓட வேண்டும்.

வாஷர் வந்து அமரும் உலோக விளிம்பையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நெருடினால் புது வாஷர் போட்டும் பயனில்லை, அந்த விளிம்பு அதையும் அறுத்துவிடும். அந்த நிலையில் மட்டும் முழு வால்வையும் மாற்றுங்கள். அழுத்தம் அதிகம் உள்ள லைன் என்று கடையில் சொல்லி அதற்கேற்ற வால்வாகக் கேளுங்கள். மாட்டும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் டேங்க் சுவரோடு ஒட்டிய நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் வால்வைத் திருகுங்கள். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் குழாயும் சேர்ந்து முறுகும், டேங்க் சுவரில் விரிசல்கூட விழலாம். மரையில் டெஃப்லான் டேப்பை வலப்பக்கமாக, திருகும் திசையிலேயே சுற்றுங்கள்.

இன்று ராத்திரியே தண்ணீர் வரும், கையில் எதுவும் இல்லை என்றால், டேங்க் வாயின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, பந்துக் கம்பியை மேலே தூக்கி அதில் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஒழுகல் குறையும். நல்ல தண்ணீர் இப்படி வீணாவதைப் பார்க்க மனசு வலிக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளில் சுமார் 20 லிட்டர் போய்விடும். தளத்தில் ஊறும் தண்ணீர் கூரைக் கம்பிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

வேலை முடிந்ததும் மூடியை இறுக்கமாகப் போடுங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் வெளிவாயில் கொசு வலை கட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சம்ப்பிலிருந்து (தரையடித் தொட்டியிலிருந்து) மோட்டார் போட்டு ஏற்றும் வீடுகளில், நிரம்பி வழிகிறது என்பதற்காக அந்த லைனில் பால் வால்வைப் போட்டுவிடாதீர்கள். டேங்க் நிரம்பி வால்வு மூடிக்கொண்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குப் போக வழியில்லாமல் பம்ப் சூடாகும், குழாய் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். அங்கே தேவைப்படுவது மோட்டாரையே நிறுத்தும் தானியங்கி ஃப்ளோட் சுவிட்ச். அதை எலக்ட்ரீஷியனைக் கொண்டுதான் மாட்ட வேண்டும்.