8,500 கோடி கையில் இருந்தாலும் எஃப்1 அணியை வாங்க மாட்டேன்

கேள்வி இதுதான்: "நீங்கள் ஒரு மோட்டார் பந்தய ரசிகர். நாளைக்கே ஒரு பில்லியன் டாலர் உங்கள் கைக்கு வந்தால் அதை எப்படிச் செலவழிப்பீர்கள்?"

ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பில்லியன் டாலர் என்பது 8,500 கோடி ரூபாய். ரேஸ் பார்க்கிற நண்பர்களிடம் இதைக் கேட்டால் யோசிக்காமல் "எஃப்1 டீம் வாங்கிடுவேன் மச்சான்" என்பார்கள். எஃப்1 என்றால் ஃபார்முலா 1, கார் பந்தயத்தின் உச்சப் படி. நான் வாங்க மாட்டேன். 2026 சீசனில் காரை உருவாக்கி ஓட்ட ஓர் அணி செலவழிக்கலாம் என்று வைத்திருக்கிற உச்சவரம்பு மட்டுமே 215 மில்லியன் டாலர். ஓட்டுநர் சம்பளமும் விளம்பரச் செலவும் அதில் சேராது. யாராவது அணியை எனக்கு இனாமாகவே கொடுத்தாலும் நாலு சீசனுக்குள் மொத்தப் பணமும் காலி.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்தப் படம் ஏற்கனவே ஓடி முடிந்த படம். விஜய் மல்லையா 2007 கடைசியில் ஸ்பைக்கர் அணியை வாங்கி ஃபோர்ஸ் இந்தியா என்று பெயர் வைத்தார். அவரைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், ஆனால் அணி நல்ல அணி. 2009-ல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் அணியின் ஓட்டுநர் ஃபிசிகெல்லா போல் பொசிஷன், அதாவது முதல் ஆளாகத் தொடங்கும் இடத்தை எடுத்து, ஜெயித்த ராய்க்கோனனுக்கு ஒரு நொடி கூடப் பின்தங்காமல் இரண்டாவதாக வந்தார். 2016, 2017 இரண்டு வருஷமும் அணிகள் பட்டியலில் நாலாவது இடம். 2018-ல் கடனில் மூழ்கி, கனடாக்காரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தரப்புக்குக் கைமாறி, இன்றைக்கு அது ஆஸ்டன் மார்ட்டின். பத்து வருஷத்துக்கு மேல் பெயரில் இந்தியா இருந்த அந்த அணியில் ஓர் இந்திய ஓட்டுநர்கூட ஒரு பந்தயமும் ஓட்டவில்லை. தொழிற்சாலை சில்வர்ஸ்டோனில், மெக்கானிக் வேலை அங்கே இருப்பவர்களுக்கு. நமக்குக் கிடைத்தது டி-ஷர்ட்.

சரி, அணி வேண்டாம், இந்தியாவில் நடந்த எஃப்1 பந்தயமான இந்தியன் கிராண்ட் பிரியை மறுபடி கொண்டு வரலாமே என்பீர்கள். கிரேட்டர் நொய்டாவில் புத் சர்க்யூட் இன்னும் இருக்கிறது. 5.125 கிலோமீட்டர், ஹெர்மன் டில்கே வடிவமைத்தது, கட்டிய காலத்தில் சுமார் 2,000 கோடி ஆனதாகச் செய்தி வந்தது. 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயம், மூன்றிலும் ஜெயித்தது வெட்டல். முதல் வருஷம் பயிற்சி ஓட்டத்தில் தெருநாய் ஒன்று தடத்துக்குள் புகுந்து சிவப்புக் கொடி காட்ட வேண்டியதாயிற்று. நாயைத் துரத்திவிட்டார்கள், வரிச் சிக்கலைத் துரத்த முடியவில்லை. ரேஸ் விளையாட்டா, கேளிக்கையா என்று உத்தரப் பிரதேச அரசோடு இழுபறி. எஃப்1 நிறுவனத்துக்கு இங்கே நிலையான தொழிலிடம் உண்டு, ஆகவே இங்கே வரி கட்ட வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2023-ல் பைக் பந்தயத்தின் உச்சப் படியான மோட்டோஜிபி ஒரே ஒரு தடவை வந்தது, பெசெக்கி ஜெயித்தார், அதோடு சரி. இதற்குள் என் பணத்தையும் கொட்டினால் வக்கீல்கள்தான் பணக்காரர் ஆவார்கள்.

ஆக, என் திட்டம். 6,500 கோடியை வங்கியில் போடுவேன். எங்கள் வீட்டில் யார் கையில் பணம் வந்தாலும் அம்மா சொல்கிற ஒரே வார்த்தை எஃப்டி, அதை மீறும் தைரியம் எனக்கில்லை. 7 சதவீத வட்டி, அதில் 39 சதவீதம் வருமான வரி என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 275 கோடிக்கு மேல் கைக்கு வரும். மீதி 2,000 கோடியை எடுத்துக்கொண்டு நேராக கேஜிஎஃப், அதாவது கோலார் தங்க வயல் போவேன்.

ஏன் கேஜிஎஃப்? ஒன்று, அது என் ஊர். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இரண்டு, அங்கே இடம் இருக்கிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடின பிறகு ஆயிரக்கணக்கான ஏக்கர் சும்மா கிடக்கிறது. ஊர்ப் பையன்களுக்கு உள்ளூரில் வேலை இல்லை. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வந்து, ராத்திரி வீடு திரும்புகிற கூட்டத்தை ஒரு நாள் பாருங்கள். பாதிப் பேர் பேசுவது தமிழ், தோளில் சாப்பாட்டுப் பை, உட்கார இடம் கிடைத்தால் தூக்கம்.

மூன்றாவது காரணம் பெங்களூர். இந்த நகரம் ரேஸ்காரர்களைப் பெற்றுப் போட்டுக்கொண்டே இருக்கிறது. 2015-ல் நெடுந்தூர டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ் இங்கேதான். 2019-ல் கரடுமுரடான நிலத்தில் பைக் ஓட்டும் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸே இங்கேதான். அர்ஜுன் மைனியும், 2025-ல் மொனாக்கோவில் எஃப்1-க்கு அடுத்த படியான எஃப்2-வின் குறுகிய ஸ்பிரின்ட் பந்தயத்தை ஜெயித்த தம்பி குஷ் மைனியும் இங்கேதான். ஆனால் ஊரைச் சுற்றி கார்ட்டிங் தடங்களும் சின்னப் பயிற்சித் தடங்களும்தான் உண்டு. முழு நீளத் தடம் வேண்டுமென்றால் ஒன்று 300 கிலோமீட்டர் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இல்லையென்றால் கோவை. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு, கிருஷ்ணகிரியில் டீ குடித்து, வேலூர் தாண்டும்போது தூக்கம் கண்ணைக் கட்ட, டெம்போவில் பைக்கைக் கட்டி எடுத்துப் போகிற பையன்களைக் கேளுங்கள். இப்போது ஹொஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கமாக எக்ஸ்பிரஸ்வே வந்துவிட்டது. கேஜிஎஃப் பெங்களூர்க்காரர்களுக்குக் காலை டிபன் தூரம்.

தடம் பெரிதாக வேண்டாம். மூன்றரை கிலோமீட்டர் போதும். எஃப்1 நடத்தத் தேவையான கிரேடு 1 தரச் சான்று எனக்கு வேண்டாம், எஃப்2 வரைக்கும் கிரேடு 2 போதும். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் ஸ்டாண்ட், கண்ணாடிக் கூண்டு விஐபி அறை எதுவும் கிடையாது, அந்தக் காசைத் தடத்தின் ஓரத்தில் போடுவேன்: தடம் விட்டு விலகும் வண்டி வேகம் குறைய அகலமான ரன்-ஆஃப், சரளைக் குழி, பைக் பந்தயத்துக்குக் காற்றடைத்த ஏர் ஃபென்ஸ். ஒரே கவலை, எங்கள் ஊர் நிலத்தடி முழுக்கச் சுரங்க வழி. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கீழே போகிறது. அதனால் முதல் செலவு தார் இல்லை, பூமியைப் படித்துச் சொல்லும் புவியியல் ஆட்கள்தான். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டின் தூசி காற்றடித்தால் வீடுகளுக்குள் வருகிற ஊர் அது. அந்த மேட்டைக் கிளறாமல், மரம் வைத்து அடக்கி, அதற்கு அப்பால்தான் தடம்.

வாரத்தில் இரண்டு ராத்திரி விளக்கைப் போட்டுத் தடத்தை ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிடுவேன். 200 ரூபாய் டிக்கெட், லைசென்ஸ் வேண்டும், முழு ஹெல்மெட் வேண்டும், பிரேக் பார்த்துத்தான் உள்ளே விடுவோம். 2024-ல் பெங்களூரை ஒட்டிய நெலமங்கலா பக்கம் முன் சக்கரத்தைத் தூக்கி வீலிங் அடித்த பையன்களின் ஸ்கூட்டரை ஜனங்களே பிளைஓவரிலிருந்து தூக்கிக் கீழே போட்ட வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஜனங்களின் கோபம் நியாயம். ஆனால் அந்தப் பையன்கள் போக வேறு இடம் ஒன்று காட்டிவிட்டு அப்புறம் கோபப்பட்டால் இன்னும் நியாயம்.

இனி எனக்கு மனசுக்கு நெருக்கமான செலவு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் பைக் பந்தயத்தில் விழுந்து 13 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பெங்களூர்ப் பையன். ரேஸ் ஆபத்தானது என்பது அங்கே போகிற எல்லாருக்கும் தெரியும், ஆனால் தெரிந்த ஆபத்தில் குறைக்க முடிந்ததைக் குறைக்காமல் விடக் கூடாது. மோட்டோஜிபியில் 2018 முதல் ஏர்பேக் உடை கட்டாயம். விழப்போகிறது என்று உடையே கண்டுபிடித்து, உடம்பு தரையில் படுவதற்கு முன் தோளையும் மார்பையும் சுற்றி ஊதிக்கொள்ளும். விலை அதிகம், வளர்கிற பிள்ளைக்கு வருஷா வருஷம் அளவும் மாறும். எந்த அப்பாவால் வாங்க முடியும்? அதனால் என் வட்டிப் பணத்தில் ஒரு கிட்டங்கி. இந்தியாவில் 18 வயதுக்குக் கீழே லைசென்ஸ் எடுத்து பைக் பந்தயம் ஓட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்கள் அளவில் ஏர்பேக் உடை, ஹெல்மெட், முதுகுக் காப்பு. சீசன் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த அளவு வாங்கிக்கொள்ள வேண்டியது. தடத்தில் எலும்பு முறிவு டாக்டரும் ஹெலிகாப்டரும் இல்லாமல் ஒரு எஞ்சினும் ஸ்டார்ட் ஆகக் கூடாது.

அடுத்தது மார்ஷல்கள், பந்தயத்தின்போது தடத்தோரம் நின்று கொடி காட்டுகிறவர்கள். சொந்தக் கூட்டம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொடுப்பேன். ஆரஞ்சு ஓவராலில் டயர் சுவருக்குப் பின்னால் நிற்கிற நாங்கள்தான் அது. ஒரு போஸ்டில் இரண்டு பேர் முதுகோடு முதுகாக நிற்போம். ஒருவர் வருகிற வண்டிகளைப் பார்த்து, வழிவிடச் சொல்லும் நீலக் கொடியோடு, இன்னொருவர் முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்து, ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடியோடு. மஞ்சள் தூக்குகிற ஆளுக்குப் பின்னாலிருந்து வருகிற வண்டி தெரியாது, கூட்டாளியின் கண்ணை நம்பித்தான் நிற்க வேண்டும். யாராவது எண்ணெய் சிந்தினால் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் கொடி, அப்புறம் சிமென்ட் தூளும் துடைப்பமுமாக ஓட்டம். ஏப்ரல் வெயிலில் அந்தத் தார்மேல் முட்டி போட்டுப் பெருக்கினவர்களுக்குத் தெரியும், டிவியில் "செஷன் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது" என்று ஒரு வரியில் போவது என்ன வேலை என்று. பெரும்பாலும் இது ஆசைக்குச் செய்கிற வேலை, கையில் வருவது பெட்ரோலுக்கும் பரோட்டாவுக்கும் சரியாகிவிடும். என் கணக்கில் நாடு முழுக்க மார்ஷல்களுக்கு இன்சூரன்ஸ், நிழல் கூரை, நல்ல ரேடியோ, வருஷம் ஒரு தடவை வெளிநாட்டுத் தடத்தில் பயிற்சி. கட்டித் தயிர்சாதம் கொடுக்கும் மதியச் சாப்பாட்டுக் கான்ட்ராக்டரை மாற்றுவதும் இந்தப் பட்டியலில் உண்டு.

ஓட்டுநர்களுக்குப் பணம் கொடுப்பேனா? கொடுப்பேன், ஆனால் மேல் படியில் இல்லை. எஃப்2-வில் ஒரு சீசன் ஓட்ட 20 கோடிக்கு மேல் ஆகும் என்பது அணிகள் முகாமிடும் பேடாக்கில் எல்லாரும் சொல்லும் கணக்கு. அந்த உயரத்துக்கு வந்துவிட்டவனுக்கு ஸ்பான்சர் தேட ஆள் இருக்கும். எனக்கு வேண்டியவன் பதினோரு வயதுக் கார்ட்டிங் பையன். பந்தயம் முடிந்ததும் அவன் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பான். அப்பா தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேய்மானம் பார்க்க டயரில் இருக்கும் சின்னக் குழியில் அளவுகோலை விட்டு, இதே செட் அடுத்த ரவுண்டுக்கும் தாங்குமா என்று முனகிக்கொண்டிருப்பார். ஒரு செட் போனால் ஒரு மாத வாடகை போன மாதிரி. திறமை குறைவதால் விலகும் பிள்ளைகளை விட, அந்தக் குழி மறைந்துபோவதால் விலகும் பிள்ளைகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். ஆகவே தேசிய கார்ட்டிங்கில் ஜூனியர் பிரிவு டயர் முழுக்க என் செலவு, எல்லாருக்கும் ஒரே டயர், பணக்கார அப்பாவுக்குக் கூடுதல் செட் கிடையாது.

இந்த வழி புதிதில்லை. கோவையில் கரிவரதன் செய்ததுதான். பில்லியன் எல்லாம் இல்லாமல், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டி, ஆசைப்பட்ட பையன்கள் உட்காரும் விலைக்குக் கொண்டு வந்தார். இந்தியாவின் முதல் எஃப்1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்தக் காரில்தான். 1995-ல் சின்ன விமானம் ஒன்று விழுந்து கரி இறந்துபோனார். பத்தே வருஷத்தில் நரேன் எஃப்1-ல் இருந்தார்.

கடைசியாக, முழுச் சுயநலச் செலவு ஒன்று. பழைய கார் ஏலத்தில் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2022-ல் மெர்சிடீஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே 135 மில்லியன் யூரோவுக்குப் போனது. எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது நரேன் ஓட்டிய 2005 ஜோர்டான் அணியின் எஃப்1 கார், மஞ்சள் நிறம், எண் 19. அந்த வருஷம் இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர் போட்ட 14 கார்கள், டயர் தாங்காது என்று, பந்தயம் தொடங்கும் முன் சுற்றும் ஃபார்மேஷன் லாப் முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட, மீதி ஆறு கார் மட்டும் ஓடி, நரேன் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்த சீசன். ஆறு கார் ஓடின ரேஸில் நாலாவது என்ன பெரிய விஷயம் என்று கேட்கும் ஆட்களோடு நான் டீ குடிப்பதில்லை. அந்தக் காரை வாங்கி கோவை ஜீடி கார் அருங்காட்சியகத்தில் வைக்கச் சொல்லிக் கொடுப்பேன், ஒரே நிபந்தனையோடு: வருஷத்தில் ஒரு நாள் அதை எங்கள் கேஜிஎஃப் தடத்துக்குக் கொண்டு வந்து அந்த டொயோட்டா வி10 எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் லாப் நரேன். அதற்கப்புறம் ஒரே ஒரு லாப் நான், முதல் கியரிலேயே எஞ்சின் நின்றுபோனாலும் பரவாயில்லை, தள்ளிவிட மார்ஷல்கள் எல்லாரும் தெரிந்தவர்கள்தான்.