அடுப்பை எடுத்தபின் புகைக்குழாயை அப்படியே விடலாமா?

விறகு அடுப்பை மட்டும் எடுத்துவிட்டு, குழாயின் வாயைத் துணியால் அடைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வீட்டிலிருந்து ஏறும் ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீராகி, படிந்த கரியையும் கரைத்துக்கொண்டு இறங்கும். உட்கூரையில் பழுப்புக் கறை விழும், நாற்றமும் லேசில் போகாது.

ஆகவே குழாயையும் கழற்றிவிடுங்கள். அதற்குமுன் சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். அணைந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு சில நாள் கனலும். கதவு, உட்செங்கற்களை எடுத்தால் அடுப்பின் எடை நன்றாகக் குறையும். பிரித்த குழாயின் இரு முனைகளையும் உடனே பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். கூரைக்கு மேலுள்ள பகுதியை உச்சியிலிருந்து கீழாகப் பிரிக்க வேண்டும்.

பழைய வீடானால், குழாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிறப் பலகையும் அடுப்புக் கதவின் விளிம்பை அடைக்கும் கயிறும் ஆஸ்பெஸ்டாஸாக (தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலைக் கெடுக்கும் கனிம இழை) இருக்கலாம்; பரிசோதிக்காமல் உடைக்காதீர்கள். கூரைத் துளையைச் சிலிகோன் பசை பூசி ஒப்பேற்றவும் வேண்டாம்: பலகை, நீர்த்தடுப்புத் தாள், அதன்மேல் ஓடு என்று வரிசையாக வைத்து மூடுங்கள்.