மஞ்சள் ரோஜா கொடுத்தால் காதல் முறிந்துவிடுமா?

கேள்வி: ஐயா, எனக்கு நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீடு புதுச்சேரி. பிப்ரவரி 14 அன்று அங்கே போகிறேன். அவருக்கு மஞ்சள் ரொம்பப் பிடிக்கும் என்பதால் 12 மஞ்சள் ரோஜா வைத்து ஒரு பொக்கேவுக்குச் சொல்லிவைத்தேன். மஞ்சள் என்றால் வெறும் நட்புதான், காதல் முறிந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கடைக்காரரோ, நீல ரோஜாதான் அபூர்வமான காதலுக்கு அடையாளம், 6 பூ 1,800 ரூபாய் என்கிறார். பெண்ணின் அத்தை பாரிஸிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். அவர் முன்னால் தப்பாகிவிடக் கூடாது. எந்தப் பூ வாங்கலாம்? (விழுப்புரம் வாசகர்)

பதில்: தம்பி, மஞ்சளே வாங்குங்கள். அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய அர்த்தம் எந்தப் பூவிலும் இல்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பூக்களுக்கு அகராதி போடுவது ஒரு மோகமாக இருந்தது. பாரிஸில் 1819-ல் ஒன்று வந்தது. அதைப் பார்த்துப் பலர் எழுதினார்கள். லண்டனில் 1884-ல் கேட் கிரீன்அவே என்ற ஓவியர் படம் வரைந்து வெளியிட்டது இன்றும் அச்சில் இருக்கிறது. அதில் மஞ்சள் ரோஜாவுக்கு நேராக, குறைந்துவரும் காதல், பொறாமை என்று போட்டிருக்கிறது. சரி, அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்வோம் என்றால், அதே பட்டியலில் அடர்சிவப்பு ரோஜாவுக்கு வெட்கம், கூச்சம் என்று இருக்கிறது. சிவப்பு ரோஜா கொடுப்பவர்கள் எல்லாம் கூச்சத்தையா கொடுக்கிறார்கள்? பின்னால் வந்த பூ வியாபாரம் மஞ்சளைப் பொறாமையிலிருந்து நட்புக்கு மாற்றிக்கொண்டது. அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் செப்டம்பர் 21 அன்று இளைஞர்கள் காதலிக்கு மஞ்சள் பூதான் கொடுக்கிறார்கள். நம் ஊரில் மஞ்சள் மங்கலம். தாலிக்கயிறே மஞ்சள்தான். ஒரே நிறத்துக்கு ஊருக்கு ஒரு பேச்சு.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நம் தெருக்களில் இறுதி ஊர்வலம் போகும்போது வழியெல்லாம் இறைப்பது ரோஜா இதழைத்தானே? அதே ரோஜாவைக் கல்யாண மாலையிலும் கட்டுகிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை. பூ எந்த இடத்தில், யார் கையில், எதற்காக இருக்கிறது என்பதுதான் நமக்குக் கணக்கு.

காதலுக்குப் பூ கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. குறுந்தொகையின் முதல் பாட்டே அதைப் பற்றியதுதான். தலைவன் செங்காந்தளைக் கையுறையாக, அதாவது காதலிக்குத் தரும் பரிசாக, கொண்டுவருகிறான். தோழி வாங்க மறுக்கிறாள். முருகனின் இந்த மலையில் அந்தச் சிவந்த பூ குலைகுலையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். நிறம் சரியில்லை என்று அவள் சொல்லவில்லை. பெறுபவள் வீட்டு வாசலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொண்டுவந்ததுதான் அவன் செய்த பிழை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். உங்கள் மனது கேட்கவில்லை என்றால் ஒரு சின்ன அட்டையில், "உனக்குப் பிடித்த மஞ்சள்" என்று உங்கள் கையெழுத்தில் எழுதிச் செருகுங்கள். கடையில் விற்கும் அச்சடித்த அட்டை வேண்டாம்.

அடுத்து நீல ரோஜா. இதில் எனக்குக் கோபமே வருகிறது. நீல நிறத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமியை ரோஜாச் செடியால் உண்டாக்க முடியாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பல ஆண்டு ஆராய்ச்சி செய்து, வேறு பூவின் மரபணுவைப் புகுத்தி, 2004-ல் ஒரு ரோஜாவை அறிவித்தது. 2009-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. அதுவும் பார்ப்பதற்கு வெளிர் ஊதாதான். உங்கள் கடைக்காரர் 1,800 ரூபாய்க்குத் தருவது வெள்ளை ரோஜா. தண்டைச் சாயத் தண்ணீரில் நிறுத்திவைத்திருப்பார்கள், அல்லது மேலே சாயம் தெளித்திருப்பார்கள். இலை நரம்பைப் பாருங்கள், நீலம் ஏறியிருக்கும். தண்டின் வெட்டுவாயைப் பாருங்கள், அங்கேயும் இருக்கும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் இதழைத் துடைத்தால், தெளித்த சாயம் துணியில் ஒட்டும். அந்தப் பெண் கூந்தலில் ஒன்றை வைத்தால் நெற்றி வேர்வையில் நீலம் இறங்கும். சாயம் போட்டது என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அபூர்வம் என்று சொல்லி விற்பது ஏமாற்று.

பூவின் அர்த்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பூவின் வயதைப் பற்றிக் கேட்பதே இல்லை. நான் ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் 22 வருடம் ரோஜா வளர்த்தவன். அங்கே பிப்ரவரிக்காக டிசம்பரிலேயே கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து கணக்குப் போட்டுத்தான் பூவை வரவழைப்போம். பெரும்பாலும் தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம். வெட்டியதும் தண்டின் நீளத்தை வைத்துத் தரம் பிரித்து, 20 பூவை ஒரு கட்டாக அட்டையில் சுற்றி, கோல்ட் ரூமில் வைப்போம். அங்கிருந்து ஏஜென்ட், மண்டி, சில்லறைக் கடை என்று கை மாறும். நீளம் கட்டின் மேல் எழுதியிருக்கும். வெட்டிய தேதி எங்கும் இருக்காது. பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது, பிரெட்டில் இருக்கிறது, 100 ரூபாய் கொடுத்து ஒருவர் ஒற்றை ரோஜா வாங்கினால் அது எப்போது வெட்டியது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஒருமுறை வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டேன். தேதி போட்டால் யார் வாங்குவார்கள் என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது?

பிப்ரவரி முதல் வாரத்திலேயே சில ஏஜென்ட்கள் கட்டுகளைப் பதுக்கிவிடுவார்கள். 12, 13 தேதிகளில் விலை ஏறியதும் பழையதையும் புதியதையும் கலந்து இறக்குவார்கள். பழைய பூவைப் புதிதாகக் காட்ட ஒரு வேலை செய்வார்கள். வாடிய வெளி இதழை ஒவ்வொன்றாகப் பிய்த்துவிடுவார்கள். உள்ளிதழ் பளிச்சென்று இருக்கும், நாம் ஏமாந்துவிடுவோம். நல்ல ரோஜாவில் வெளி இதழ் கொஞ்சம் தடித்து, பச்சைக் கோடோடு, அழகில்லாமல்தான் இருக்கும். அது இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

கடையில் நின்று இப்படிச் செய்யுங்கள். மொட்டின் அடிப்பாகத்தை, பச்சை இதழ்களுக்குச் சற்று மேலே, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாக அழுத்துங்கள். சின்ன வெங்காயம் மாதிரி கெட்டியாக இருந்தால் புதுசு. பஞ்சு மாதிரி அமுங்கினால் அடுத்த நாள் தலை தொங்கிவிடும். 12 பூவையும் அழுத்திப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். மொட்டின் மேல் வலை மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது: அன்று சிவப்புக்குத்தான் அடிதடி, மஞ்சளுக்கு அவ்வளவு விலை ஏறாது. ஏற்றிச் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இணையத்தில் மட்டும் ஆர்டர் செய்யாதீர்கள். அங்கே காட்டுவது ஒரு படம், அனுப்புவது உள்ளூரில் எவரோ கட்டிய வேறொரு பொக்கே. நடுவில் இருப்பவர் பூவைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. போன வருடம் என் மகளின் திருமண நாளுக்கு 20 பிங்க் ரோஜாவுக்குப் பணம் கட்டினேன். போய்ச் சேர்ந்தது 11 ரோஜாவும் மீதிக்கு ஜெர்பராவும். கேட்டதற்கு, "இருப்பைப் பொறுத்து மாறுபடும்" என்ற வரியைக் காட்டினார்கள். பூ வளர்த்தவனுக்கே இந்தக் கதி.

இப்போது அத்தை விஷயம். நிறத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள் என்று சொன்னேன். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. அதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் கடைகளில் பொக்கே கட்டும்போது இடைவெளியை நிரப்ப வெள்ளைச் சாமந்தி செருகுவார்கள். நீங்கள் கேட்காமலே செருகுவார்கள், ஏனென்றால் மலிவு, சீக்கிரம் வாடாது. பிரான்ஸில் சாமந்தி கல்லறைப் பூ. நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாள் சமயத்தில் கடைக்குக் கடை சாமந்தித் தொட்டிகளை அடுக்கிவைப்பார்கள். மக்கள் வாங்கிக்கொண்டுபோய்க் குடும்பக் கல்லறை மேல் வைப்பார்கள். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கத் தொடங்கியபின் இது நாடு முழுக்கப் பரவியது. பகல் குறையும் காலத்தில் பூப்பது சாமந்தியின் குணம், குளிரையும் தாங்கும். அந்த மாதத்தில் அங்கே வேறு பூ அதிகம் கிடைக்காது. காரணம் அவ்வளவுதான். ஆனால் பல வருடம் அங்கே வாழ்ந்தவருக்குச் சாமந்தியைப் பார்த்ததும் கல்லறை நினைவு வரும். அது பட்டியலில் படித்ததால் வருவதில்லை, அவர் கையால் வைத்துப் பழகியதால் வருவது. புதுச்சேரியிலேயே கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பூ கொண்டுபோகிறார்கள். உங்கள் பெண் வீட்டு வழக்கம் எது என்று எனக்கு நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் சாமந்தி வேண்டாம். வெள்ளை, மஞ்சள், ஒற்றை அடுக்கு, பட்டன் என்று எந்த வகையும் வேண்டாம். கடைக்காரர் அதை டெய்சி என்று சொல்லுவார், ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இடைவெளிக்கு ஜிப்ஸி என்ற சின்னஞ்சிறு வெள்ளைப் பூவைப் போடச் சொல்லுங்கள், பச்சை இலை மட்டும் வைத்தாலும் போதும்.

அத்தைக்குத் தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால், அன்று காலை கட்டிய மல்லிகை இரண்டு முழம் வாழை இலையில் சுற்றி வாங்கிப் போங்கள். பிப்ரவரியில் விலை கூடுதலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

விழுப்புரத்திலிருந்து பைக்கில் போவதாக இருந்தால் பொக்கேவை முன்னால் மாட்டாதீர்கள். ஒரு மணி நேரக் காற்றில் இதழ் ஓரம் கருகிவிடும். தண்டு நுனியை ஈரப் பஞ்சால் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள், வெயில் படாத பக்கமாக உட்கார்ந்து. அங்கே போனதும் தண்டை இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளிவிட்டு ஜாடியில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஜாடி பழத்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, வாழைப்பழம் பழுக்கும்போது வரும் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும்.