மடியும் ஹார்ட்டாப் கார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: துணிக் கூரையைவிட, மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக் கூரையில் (ஹார்ட்டாப்) சத்தம் குறையுமா?

குறையும். கூரையை மூடிவிட்டால் கூரை திறக்காத சாதாரண இரண்டு கதவு கார் (கூப்பே) போலத்தான் இருக்கும். யாரும் கத்தியால் கிழித்துவிட முடியாது, வெயிலிலும் மழையிலும் வெளியே நிறுத்திவைக்கக் கவலையில்லை. ஆனால் இப்போதைய துணிக் கூரைகளும் பல அடுக்காக வருவதால் காற்றுச் சத்தத்தில் பழைய அளவுக்கு வித்தியாசம் இல்லை. அப்புறம், கூரை இரண்டு மூன்று துண்டுகளாக இருப்பதால், வண்டி பழசாகும்போது மோசமான சாலையில் அந்த இணைப்புகள் 'கிறீச்' என்று முனக ஆரம்பிக்கும்.

கேள்வி: டிக்கியில் இடம் இருக்குமா?

மூடியிருக்கும்போது தாராளமாக இருக்கும். ஃபோக்ஸ்வேகன் இயோஸில் 380 லிட்டர். கூரையை மடித்து உள்ளே வைத்தால் 205. பல மாடல்களில் டிக்கிக்குள் ஒரு தடுப்புத் திரை இருக்கும். அதை இழுத்து மாட்டாவிட்டால் கூரை அசையாது. மாட்டினாலோ, அதற்குக் கீழே இருக்கும் இடம்தான் உங்களுக்கு. வாங்கும் முன் உங்கள் பெட்டியை எடுத்துப்போய், கூரையைத் திறந்த நிலையில் வைத்துப் பாருங்கள். ஷோரூமில் கூரையை மூடியபடிதான் டிக்கியைக் காட்டுவார்கள்.

கேள்வி: பத்து வருடப் பழைய வண்டி ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

விலையை மறந்துவிட்டுக் கூரையைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு இரண்டு முறை முழுசாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். நடுவில் தயங்கினாலோ, ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினாலோ, எண்ணெய் அழுத்தத்தால் கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் முனகினாலோ உஷார். கூரையைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர்களைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? டிக்கி விரிப்பைத் தூக்கி அடியில் கை வையுங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் ரப்பர் சீல் போயிருக்கும், அல்லது வடிகால் துளை அடைத்திருக்கும். துளை என்றால் குப்பையை எடுத்தால் சரி. சீல் என்றால் செலவு கையைக் கடிக்கும். கூரை பாதியில் நின்றுவிடுவதற்குப் பல நேரம் காரணம், கூரை எந்த நிலையில் இருக்கிறது என்று உணரும் ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச்தான். ஆனால் பத்து ஸ்விட்சில் கெட்டது எது என்று தேடும் கூலி, ஸ்விட்ச் விலையை எங்கோ விட்டுவிடும். விற்பவர் "பேட்டரி வீக், அதனால்தான் கூரை ஓடவில்லை" என்றால், பேட்டரி மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: இது புதிய தொழில்நுட்பமா?

இல்லை. 1930களிலேயே பிரான்ஸில் ஜார்ஜ் போலன் வடிவமைத்து, பெஜோ கார்களில் வந்தது. போலன் ஒரு பல் மருத்துவர்! ஃபோர்ட் ஸ்கைலைனர் 1957 முதல் 1959 வரை விற்பனையில் இருந்தது. 1996இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே வந்த பிறகுதான் இது பரவலானது.

கேள்வி: அப்படியானால் பல கார் நிறுவனங்கள் இதை ஏன் கைவிடுகின்றன?

எடைதான் முக்கியக் காரணம். உலோகக் கூரையும் அதைத் தூக்கும் இயந்திரமும் சேர்ந்து வண்டியைக் கனமாக்கும். அதுவும் மேலேயும் பின்னாலும் ஏறும் எடை, வளைவில் தெரியும். பிஎம்டபிள்யூ 4 சீரிஸ் 2020இலும், மெர்சிடிஸ் எஸ்எல் 2021இலும் துணிக்கே திரும்பின. மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆர்எஃப் தப்பித்ததற்குக் காரணம், அதில் கூரை திறந்த பிறகும் பின் தூண்கள் நிற்கும், நடுப்பகுதி மட்டும்தான் மடங்கி உள்ளே போகும்.

கேள்வி: ஓடும்போது கூரையைத் திறக்கலாமா?

மாடலைப் பொறுத்தது. மேலே சொன்ன மாஸ்டா ஆர்எஃப்பில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வரை முடியும். சில பழைய மாடல்களில் வண்டி முழுசாக நின்றால்தான் பொத்தானே வேலை செய்யும்.