இன்சுலாவும் இன்சல்டும்

அன்புள்ள ஐயா,

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் மாலையில் ட்யூஷன் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். தமிழ்வழியில் ஒன்பதும் பத்தும் படிக்கிறார்கள். லத்தீன் வேர்ச்சொற்கள் தெரிந்தால் ஆங்கிலம் எளிது என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, அதிலிருந்த பட்டியலை மனப்பாடம் செய்யவைத்தேன். ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். ‘இன்சுலா என்றால் தீவு’ என்று படித்த ஒரு மாணவி, “அப்போ இன்சல்ட்னா தீவாக்குறதா டீச்சர்?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு லத்தீன் வேர் தேவைதானா?

வாசகி, மண்டபம்

அன்புள்ள சகோதரிக்கு,

தேவைதான். பட்டியல்தான் வேண்டாம். ஒரு பருவத்துக்கு நாலைந்து வேர் போதும், ஒவ்வொன்றும் அதன் கதையோடு. அந்த மாணவி பிடித்துக்கொண்ட இன்சுலாவிலேயே தொடங்குங்கள். குருசடையையும் முயல் தீவையும் தெரிந்த பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

முதலில் அவள் கேள்வி. இன்சல்டுக்கும் தீவுக்கும் உறவில்லை. தாவுவதைக் குறிக்கும் ‘சலீரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ஒருவர்மேல் பாய்வது என்பதே அதன் பழைய பொருள். அஸால்ட், ரிஸல்ட் இரண்டும் அந்தக் குடும்பம்தான். எழுத்து ஒத்திருப்பதைக் கண்டதும் பொருளும் ஒத்திருக்குமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணைப் பாராட்டுங்கள்.

பெனின்சுலாவைக் கற்பிக்க நீங்கள் வரைபடம் தேட வேண்டியதில்லை. மண்டபத்தின் நிலமுனையே போதும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, உங்கள் பக்கத்துப் பேச்சில் பெண்கடலும் ஆண்கடலும். லத்தீனில் ‘பைனே’ என்றால் ஏறத்தாழ. ஏறத்தாழ தீவு, அதுதான் பெனின்சுலா. நம் புவியியல் பாடத்தில் வரும் தீபகற்பமும் அதே அமைப்புதான். வடமொழியில் ‘த்வீபம்’ தீவு, ‘கல்ப’ என்ற பின்னொட்டு ‘ஏறக்குறைய அதுபோன்ற’ என்று பொருள்படும். தமிழ்வழிப் பிள்ளைகள் இந்த இடத்துக்கு வெறுங்கையோடு வரவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இன்சுலா இத்தாலியில் ‘இசோலா’ ஆயிற்று. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை ஐசொலேட், ஐசொலேஷன். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்து ராமேசுவரம் துண்டிக்கப்பட்டதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அதன் பிறகு ஐசொலேஷனுக்கு அகராதி தேவைப்படாது.

இன்சுலேட்டர் தெருவிலேயே இருக்கிறது, மின்கம்பத்துப் பீங்கான். 18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் கண்ணாடிக்கால் வைத்த முக்காலியில் ஆளை நிறுத்தி மின்னேற்றினார்கள். மின்சாரம் தரைக்கு இறங்கிவிடாதபடி அந்த ஆள் தீவாக நின்றார். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பீங்கானில் படிந்து, அதன்மேல் பனியோ தூறலோ விழுந்தால் அந்தத் தடுப்பு பலவீனப்பட்டுப் பொறி பறக்கும்.

இந்தக் குடும்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல் இன்சுலின். 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, மற்ற செல்களுக்கு நடுவே ஒட்டாமல் தனித்தனித் திட்டுகளாக நின்ற செல்களைக் கண்டார். அவை என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னாளில் காசநோயாளியாகி அட்லாண்டிக்கின் மதெய்ரா தீவில் வாழ்ந்து 1888இல் அங்கேயே இறந்தார். 1893இல் பிரான்சின் லாகெஸ் அந்தத் திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயரிட்டார். அவற்றிலிருந்து ஏதோ ஒன்று சுரந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்று ஊகித்தவர்கள், 1909இலேயே அதற்குத் தீவின் பெயரை வைத்துவிட்டார்கள். பொருள் கைக்கு வந்தது 1921இல், டொரோன்டோவில், பான்டிங்கும் பெஸ்ட்டும் செய்த ஆய்வில். 1922 ஜனவரியில் சாவின் விளிம்பிலிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். உங்கள் மாணவர்களில் யாராவது ஒருவர் வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ தினமும் போட்டுக்கொள்ளும் சர்க்கரை ஊசி அது. இதை ‘இன்சுல் = தீவு’ என்று ஒரு வரியில் அடைத்துவிட்டால் எவ்வளவு போய்விடுகிறது பாருங்கள்!

ஒரு எச்சரிக்கை. ஐலண்ட் இந்தக் குடும்பமில்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஈக்லண்ட்’ போன்ற ஒரு வடிவம். நீர் சூழ்ந்த நிலம் என்ற பொருள். அதில் எஸ் கிடையாது. இன்சுலாவிலிருந்து பிரெஞ்சு வழியே வந்த ஐல் என்ற சொல்லைப் பார்த்து, ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் ஐலண்டிலும் எஸ்ஸைச் செருகினார்கள். ஒலிக்காத எழுத்தை ஏன் எழுதுகிறோம் என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லலாம்.

இதையெல்லாம் பார்த்தால், தீவு என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இன்சுலின் என்னவென்று யாரும் ஊகிக்க முடியாது என்பது விளங்கும். வேரை முதலில் கொடுத்துச் சொல்லை வரவழைப்பது தலைகீழ் முறை. சொற்கள் பாடத்திலும் பெயர்ப்பலகையிலும் மருந்துப் பெட்டியிலும் முதலில் எதிர்ப்படட்டும். மூன்று நான்கு சேர்ந்த பிறகு, இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நீங்கள் காட்டுங்கள். அப்போது மனப்பாடம் செய்யாமலே நிற்கும். தேர்வுக்கு நேரமில்லை என்பீர்கள். பட்டியலை ஒவ்வொரு வாரமும் மறுபடி படிக்கவைக்கும் நேரத்தைவிட இதற்குக் குறைவாகத்தான் ஆகும்.

அடுத்த வேராகக் கடலைக் குறிக்கும் ‘மாரே’யை எடுக்கலாம். உங்கள் ஊர் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் மரைன் இருக்கிறது. 1986இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவின் பெயரிலும் இருக்கிறது. மாரிடைம், சப்மரீன், சென்னை மெரினா என்று பிள்ளைகளே தேடிக்கொண்டு வருவார்கள். கெட்ட கனவைக் குறிக்கும் நைட்மேரை யாராவது கொண்டுவந்தால் மட்டும் நிறுத்துங்கள். அந்த ‘மேர்’ கடல் அல்ல. தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி அழுத்துவதாக வடக்கு ஐரோப்பியர் நம்பிய பேய், நம் ஊர் அமுக்குவான் பேய் மாதிரி.