பாக்கிய வசனங்களும் ஒரு விடுதலைப் பத்திரமும்

கேள்வி: மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனங்களை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிக்க முடியுமா? சாந்தமாக இருந்தால் எல்லாரும் ஏறி மிதித்துவிட மாட்டார்களா?

முடியும். பாக்கிய வசனங்கள் என்றால் இயேசு மலைமேல் செய்த பிரசங்கத்தில் "இன்னார் பாக்கியவான்கள்" என்று சொன்ன வசனங்கள். ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதியைப் படித்ததும், யாரோ உங்களிடம் இந்த வசனத்தைக் காட்டி எதையோ விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. கூடப்பிறந்தவர்களோ, புகுந்த வீடோ, சபைக் கமிட்டியோ தெரியாது. அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது, அதனால் அதைத்தான் எழுத வருகிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். வீடு, கொஞ்சம் ரப்பர், தென்னையும் மரச்சீனியும் நிற்கிற ஒரு விளை, அவ்வளவுதான் சொத்து. இரண்டு அண்ணன்மார், கடைசியில் நான். நினைவு ஜெபம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, சித்தப்பா எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, பாக்கிய வசனங்கள் வருகிற மத்தேயு 5-ஆம் அதிகாரம் வாசித்தார். முழுவதும் இல்லை. "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள்" (அதாவது உரிமையாகப் பெறுவார்கள்) என்ற ஐந்தாம் வசனமும், சமாதானம்பண்ணுகிறவர்களைப் பற்றிய ஒன்பதாம் வசனமும் மட்டும். இடையில் இருக்கும் ஆறாம் வசனத்தை, அதாவது நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்களை, தாண்டிப் போய்விட்டார். ஜெபம் முடிந்ததும் டீப்பாயில் வேதப்புத்தகத்துக்கு அடியில் இருந்து ஒரு பத்திரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். விடுதலைப் பத்திரம், அதாவது அப்பா சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. என் பெயர், வீட்டுக்காரர் பெயர், சர்வே எண் எல்லாம் அடித்து முடித்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தார்கள்.

"மக்களே, ஒனக்கு நகை போட்டுதானே கட்டிக் கொடுத்தோம். பொம்பளப்பிள்ளைக்குச் சாந்தம்தான் வேணும். அண்ணன்மாரோட சமாதானமா போ."

"சித்தப்பா, அந்த வசனம் அண்ணன்மாருக்கும் சேத்துதானே?" என்று மட்டும் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

இதைப் படித்துவிட்டு, "பணத்தாசை பிடித்தவள், இவளுக்கு எதற்கு மலைப்பிரசங்கம்" என்று கீழே எழுதப் பலர் வருவார்கள் என்று தெரியும். எங்கள் சபையிலேயே காதுபடச் சொன்னார்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று வேதம் யாரைச் சொல்கிறது? மோசேயை. எண்ணாகமம் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடிமைப்பட்ட தன் ஜனத்தை விடச் சொல்லி எகிப்து ராஜா பார்வோன் முன்னால் போய் நின்ற அதே மோசேதான். அதே எண்ணாகமத்தில் 27-ஆம் அதிகாரத்தையும் புரட்டுங்கள். செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் சபை எல்லாம் கூடியிருக்கிற இடத்தில் வந்து, எங்கள் அப்பாவின் சொத்தில் எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். சாந்தமாகப் போங்கள் பிள்ளைகளே என்று மோசே அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறான். அவர்கள் பேசுகிறது சரிதான் என்று கர்த்தரே சொல்கிறார். இந்தப் பகுதியை வைத்து எங்கள் ஆலயத்தில் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

அப்புறம் சட்டம். எங்கள் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் பலருக்கு இன்னும் பழைய கணக்குதான் மண்டையில் இருக்கிறது. 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். சீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. கோட்டயத்து மேரி ராய் போட்ட வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி அப்பா உயில் எழுதாமல் போனால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. நகை போட்டதைக் காட்டிப் பங்கைக் கழிக்கவும் முடியாது.

இதை நான் அண்ணனிடம் சொன்னபோது, "கோர்ட்டுக்குப் போவியா?" என்றுதான் கேட்டான். போக மாட்டேன், உட்கார்ந்து பேசுவோம் என்றேன். எதிராளியோடு வழியிலேயே சீக்கிரமாய் நல்மனம் பொருந்து என்று அதே ஐந்தாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. இதில்தான் எனக்கு உண்மையான கஷ்டம் வந்தது. பங்கு கேட்பது பெரிய காரியமில்லை. கேட்ட பிறகும் அந்த வீட்டுக்குப் போய்வருவதுதான் கஷ்டம். மைனி (அண்ணன் மனைவி) கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார். நான் அம்மாவுக்குக் குளிக்க வெந்நீர் வைத்து, தலை துவட்டி, இரண்டு வாய் கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன். பெரிய அண்ணன் மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, வீட்டுக்கு வந்து யாரும் கூப்பிடவில்லை. போனேன். மோதிரம் போட்டேன். பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் ஒருத்தரும் உட்காரவில்லை. இரவு வீட்டில் வந்து அழுதேன். அண்ணன் கெட்டுப்போக வேண்டும் என்று மட்டும் ஜெபிக்கவில்லை. என்னால் முடிந்த சாந்தம் அதுதான்.

பட்டா வேலையாகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தபோது இன்னொரு வயிற்றெரிச்சல். எங்கள் மலைகளை உடைத்துக் கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு ஓடுகிற டாரஸ் லாரிகள். ரோடு கூழாகக் கிடக்கிறது, பைக்கில் போகிற பிள்ளைகள் விழுந்து சாகிறார்கள். நீதியின்மேல் பசிதாகம் என்றால் இதுவும் சேர்ந்ததுதானே. வீடு வீடாக வந்து ஜெபிக்கிறவர்கள், ஆலய மைக்கில் இதற்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா? தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட எங்கள் பாட்டிமார், மார்பை மறைத்துத் தோளில் சீலை போடும் உரிமைக்காக அடிபட்டு நின்றதால்தான் 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா ஆணை போட வேண்டி வந்தது. அவர்கள் வாசித்ததும் இதே மத்தேயுதான். சரி, அது வேறு கதை.

கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார். "மூணு பிள்ளையளையும் நான்தான் பெத்தேன், அளந்து போடுங்க" என்று ஒரே வார்த்தை. சர்வேயர் வந்து கல் போட்டார். ரோட்டோரப் பக்கம் அண்ணன்மார் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். பின்பக்கத்துப் பள்ளம் எனக்கு. விலை குறைவுதான், ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. எல்லைக் கல்லை ஒட்டி நின்ற பிலா மரம் என் பக்கம் வந்துவிட்டது, அதற்கு மைனிக்கு மனத்தாங்கல். முதல் சக்கை பழுத்ததும் வெட்டி, பாதியை அவர் வீட்டுக்குத்தான் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டார். இன்னும் பேசவில்லை.

ரோட்டோரத்தையும் விட்டிருக்கக் கூடாது என்று என் தோழிகள் திட்டுகிறார்கள், பங்கே கேட்டிருக்கக் கூடாது என்று சபையில் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான்: ஐந்தாம் வசனத்தையும் ஆறாம் வசனத்தையும் சேர்த்தே வாசித்தேன்.

உங்கள் விஷயமும் சொத்து என்றால், ஜெபம் முடிந்த கையோடு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் கேட்டு வாங்கி, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.