பதினைந்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டது, அப்புறமும் டாக்டரா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. நான்கு நாள் முன்பு காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் வலது கை தொய்ந்துவிட்டது, பேச்சும் குழறியது. பதினைந்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டது. 'வாயுப் பிடிப்புதான், புறா ரத்தம் தடவினால் போதும்' என்கிறார்கள் உறவினர்கள். பி.பி. மாத்திரையை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
- ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: இன்றைக்கே காட்டுங்கள் அம்மா. இது வாயு இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு ரத்தக்கட்டி அடைத்து, தானாகக் கரைந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி வந்து போனதைக் கவனிக்காமல் விட்டால், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வருகிறது. அதில் பாதி முதல் இரண்டு நாளிலேயே வந்துவிடும். அப்பா அந்த இரண்டு நாளைத் தாண்டியது நல்லதுதான். ஆபத்து இன்னும் தாண்டவில்லை.

மூளை ஸ்கேன், ஈ.சி.ஜி., கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர், சர்க்கரை, கொழுப்பு இவ்வளவும் பார்ப்பார்கள். ஸ்கேன் பார்க்கும் முன் நீங்களாக ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் அது கேடு.

புறா ரத்தம் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கையில் காய்ந்த புறா ரத்தத்தோடு மறுநாள் மதியம் வந்து சேருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியும் அப்படித்தான். இவற்றால் அடைப்பு கரையாது, நேரம்தான் கரையும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்துக்குள்ளும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு மூளை பிழைக்கும்.

அந்த நாலரை மணி எப்போதிலிருந்து? இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஆறுக்குக் கை வராமல் எழுந்தால், கணக்கு ஆறு மணியிலிருந்து இல்லை, பத்து மணியிலிருந்து. நடுவில் இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் போய்வந்ததை யாராவது பார்த்திருந்தால் அந்த இரண்டு மணிதான் கணக்கு. டாக்டர் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பார், உத்தேசமாகச் சொல்லாதீர்கள். அதற்காக, தூக்கத்தில் வந்துவிட்டதே, இனிப் போய் என்ன பயன் என்று வீட்டிலும் இருந்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, சிலருக்கு அப்போதும் ஊசி போட முடிகிறது. பெரிய குழாய் அடைத்திருந்தால், தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் வழியாகக் கட்டியை இழுத்து எடுக்கிறார்கள்.

வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், புரையேறும். பி.பி. ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதும் வேண்டாம்; சட்டென்று இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும்.

தனியார் வண்டி பிடித்தால், எந்த மருத்துவமனை என்பதை நீங்கள் சொல்லுங்கள். கமிஷன் தரும் இடத்துக்கு வண்டியைத் திருப்பும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அங்கே முன்பணம் கட்டச் சொல்லி ஒரு மணி நேரம், 'நரம்பு டாக்டர் இல்லை, திருச்சிக்குப் போங்கள்' என்று இன்னொரு மணி நேரம் போய்விடும். அரசுத் தரப்பிலும் இதே கதைதான்: சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் சேர்த்து, டிரிப் ஏற்றி, சீட்டு எழுதி மேலே அனுப்புவது. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். நோயாளி நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

அப்பாவின் பி.பி. மாத்திரையை இன்று பார்க்கிற டாக்டரிடம் கேட்டு மறுபடி ஆரம்பியுங்கள். தலைசுற்றல் இல்லை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். 140-க்கு மேல் போனாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. வாங்கப் போக அலுப்பு என்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். அப்படியே, 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுத்து இந்த ஊசியும் போடுகிற மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில் எது என்று இன்றே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை வீட்டில் எல்லோர் செல்போனிலும் ஏற்றிவிடுங்கள்.